கோர்ப்பது யார் வேலை

தேவகோட்டைப் பட்டிமன்றத்தில் உமையாள் சொன்ன நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காதது போகட்டும், கை தட்டினார்கள். அதைத்தான் நாச்சியப்பனால் தாங்க முடியவில்லை.

உமையாள் லேசுப்பட்ட பேச்சாளி இல்லை. காரைக்குடி வட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் நோட்டீசில் அவள் பெயரைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அவள் மைக் முன்னால் வந்தால் முன்வரிசைக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள், புரையேறிவிடும் என்று. போன வருடம் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. போன குரலுக்குப் பதிலாகக் கழுத்துக்குக் குரல்பட்டை வந்தது.

குரல்பட்டை என்பது இரண்டு விரல் அகலத்தில் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற சமாச்சாரம். மனசுக்குள் சொல்லிக்கொள்கிற சொற்களைத் தொண்டை நரம்பிலேயே பிடித்து, வெளியே பேசிவிடும். அதுவும் ஏதோ இயந்திரக் குரலில் இல்லை. உமையாளின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, அச்சு அசல் அவள் குரலையே அதற்குள் ஏற்றியிருந்தார்கள். நாட்டில் அப்போது லட்சம் கழுத்துகளில் அந்தப் பட்டை இருந்தது.

அந்தக் குரலோடு அவள் முதன்முதலாக மேடையேறிய நாள் அது. நாச்சியப்பன் முன்வரிசையில், வேட்டி மடிப்புக் கலையாமல், பெருமையோடு உட்கார்ந்திருந்தான்.

"என் வீட்டுக்காரரு ரொம்ப நல்லவரு நான் பேசுறப்ப குறுக்க ஒரு வார்த்த பேச மாட்டாரு தூங்கிட்டிருப்பாரு எங்க அணியோட கருத்து என்னன்னா" என்றது பட்டை.

சொல் தவறவில்லை, குரல் பிசகவில்லை. கேட்டவர்கள் சிரிப்பதற்காக வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அப்புறம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி, "பாவம், இந்த அளவுக்காச்சும் பேச வருதே" என்று சொல்லிக் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். மேடையில் உமையாளின் முகம் சுருங்கியதை நாச்சியப்பன் பார்த்தான். அறுவை சிகிச்சைக்குப் போனபோதுகூட அவள் அப்படி முகம் சுருங்கியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "என் வாயை அடைக்க ஏழு டாக்டர் வேண்டியிருக்கு பாருங்க" என்று சொல்லி நர்சைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனவள் அவள்.

மறுநாள் காலை இட்லியும், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கோசுமல்லியும் மேசைக்கு வந்தன. உமையாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க இந்தப் பட்டையில என்ன கோளாறு" என்றது பட்டை.

"ஒரு கோளாறும் இல்ல. நேத்து நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், ஒரு சொல்லுகூடத் தப்பா வரல" என்றான் நாச்சியப்பன். அவன் இப்படித்தான். அடுத்தவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவான். எங்கேயாவது இரண்டு பேர் சேர்ந்தாற்போல் சும்மா இருந்தால் அவனுக்கு உடம்பு அரிக்கும். எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பினால்தான் மூச்சு வரும்.

"சொல்லு சரியா வருது சொல்லுக்கு நடுவுல நான் நிறுத்துறேன் அது நிறுத்த மாட்டேங்குது"

நாச்சியப்பன் இட்லியைப் பிட்டான். பிட்டதைச் சாப்பிடவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். அந்தப் பட்டை எந்தக் கணினிமொழியில் எழுதப்பட்டதோ அந்த நொச்சி மொழியை உண்டாக்கிய குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"அது எப்படி வேலை செய்யுதுன்னா, நீ மனசுல நினைக்கிற சொல்லையெல்லாம் அது முதல்ல ஒரு பட்டியலா சேத்து வச்சுக்கும். நீ நடுவுல நின்னாலும் காத்துக்கிட்டு இருக்கும். எல்லாம் வந்ததும், 'பட்டியலே, கோர்'னு ஒரு கட்டளை. பட்டியல் தன்கிட்ட இருக்கிற சொல்லையெல்லாம் வரிசையாக் கோத்துக் குடுத்துரும்."

"நடுவுல என்ன போட்டுக் கோக்கும்"

"எவ்வளவு இடைவெளி வேணும்னு நிரல் எழுதுறவங்க சொல்லலாம். சொல்லலைன்னா அதுவா ஒரு பொதுவான இடைவெளியப் போட்டுக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு."

"பட்டை செஞ்சவங்க சொன்னாங்களா"

"இல்ல."

"சொல்லாட்டியும் ஓடும்னா யாரு சொல்லுவா"

நாச்சியப்பன் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "நான் கம்பெனிக்கு எழுதிப் பாத்தேன் உமையா. நல்லா ஓடுறத ஏன் மாத்தணும்கிறாங்க. நானே பிரிச்சு மாத்திரலாம்னா, உடம்புல மாட்டுற கருவியப் பிரிச்சா கம்பி எண்ணணும்."

உமையாள் கோசுமல்லியை அவன் தட்டில் ஊற்றினாள். "நான் பேசுறது எல்லாருக்கும் கேக்குது ஆனா நான் அங்க இல்ல" என்றது பட்டை. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எந்த இடைவெளியும் தேவைப்படவில்லை.

இதை அவனுக்கு முதலில் சொன்னது உமையாள் இல்லை என்பதுதான் கூடுதல் வேதனை. அலுவலகத்தில் ரஹ்மத் நிஷா என்று ஒருத்தி இருந்தாள். நொச்சிக் குழுவிலேயே கூர்மையானவள், பிடிவாதக்காரி. கோர்க்கிற கட்டளை பட்டியலிடம் இருக்கக் கூடாது, இடைவெளியிடம்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஒரு வருடமாக மல்லுக்கு நின்றாள்.

"'பட்டியலே, கோர்'னு எழுதுறதுக்குப் பதிலா 'இடைவெளியே, இந்தப் பட்டியலக் கோர்'னு எழுதணும்ணே. அப்பத்தான் இடைவெளின்னு ஒண்ணைக் கையில எடுக்காம யாரும் கோக்கவே முடியாது. மறக்கவே வழியில்ல."

"கேக்கவே கோணலா இருக்கும்மா. பூவக் கோக்குறதுக்கு யாராச்சும் நார்கிட்டப் போய் நிப்பாங்களா?"

"பூ மட்டும் தன்னத்தானே கோத்துக்குமாண்ணே?"

இந்த இடத்தில் எப்போதும் டீ வந்துவிடும். பேச்சு அதோடு நிற்கும்.

நாச்சியப்பனுக்கு அவன் மொழியைப் பற்றி ஒரு கர்வம் இருந்தது. நொச்சியில் எழுதிய எதையும் வாய்விட்டுப் படித்தால் மனிதர் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். 'பட்டியலே, கோர்' என்பது அவன் முதல் நாளே, முதல் மணி நேரத்திலேயே எழுதிய கட்டளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். அதைப் போய்த் தலைகீழாக்கு என்றால்? நிஷா இன்னொரு காரணமும் சொல்வாள். பட்டியலில் சொல்தான் இருக்கும் என்று என்ன கட்டாயம், எண் இருக்கும், படம் இருக்கும், ஆட்டுமந்தைகூட இருக்கும், எல்லாப் பட்டியலும் சொல் கோர்க்கத் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா என்பாள். அதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

நிஷா மனிதர்களையும் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். பட்டை மாட்டிய ஒரு வாத்தியார், "அடுத்த கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பதற்குள் பட்டை கேள்வியைக் கேட்டு முடித்துவிடுகிறதாம். திருப்பத்தூரில் ஒரு அம்மாள், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லப் போய், மளிகைச் சாமான் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்து வீட்டில் அழுதாளாம். தொண்டியில் மீன் ஏலம் போடுகிற ஒருவர் மட்டும் பட்டையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்காமல் ஏலம் போட முடிகிறதே, இதை மாற்றினால் தொலைத்துவிடுவேன் என்று நிஷாவையே மிரட்டி அனுப்பினாராம்.

இதையெல்லாம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கவும் நேரம் இல்லை. நொச்சியைப் பூட்டப் போகிற மாதம் அது. உடம்போடு ஒட்டிய கருவிகளை எழுதுகிற மொழியைப் பூட்டியாக வேண்டும் என்பது சட்டம். பூட்டிவிட்டால் அப்புறம் ஒரு கட்டளையும் மாறாது. இன்றைக்குப் பேசுகிற தொண்டை நாளைக்கு ஊமையாகிவிடக் கூடாதே. ஆக, உமையாளுக்கு அவள் இடைவெளி கிடைப்பதானால் இந்த மாதம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

நொச்சிக் குழுவுக்குத் தகராறு தீர்க்க ஒரு வழக்கம் உண்டு. வேறெந்த ஊர்க் கணினிக்காரர்களுக்கும் இது வராது. பழைய அரிசி ஆலை ஒன்றில்தான் அலுவலகம். மொழி தொடங்கிய காலத்தில் ஆளாளுக்கு மின்னஞ்சலில் சண்டை போட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் போகிற நிலை வந்தது. யாரோ விளையாட்டாக, பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். அதுவே பிடித்துக்கொண்டது. நடுவர் கணினி தெரியாதவராக இருக்க வேண்டும். அவர் தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை. இன்னொரு விதி உண்டு, அதுதான் வம்பு. அவரவர் தம் கருத்துக்கு எதிரான அணியில்தான் பேச வேண்டும். எதிராளியின் பக்கத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவனுக்குத் தன் பக்கத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்பது அவர்கள் கட்சி.

'கோர்ப்பது யார் வேலை: பட்டியலுக்கா, இடைவெளிக்கா?' என்று தலைப்பு வைத்தார்கள். பட்டியலுக்காக நிஷா பேச வேண்டும். இடைவெளிக்காக நாச்சியப்பன்.

அவன் பாடு திண்டாட்டம்தான். நன்றாகப் பேசினால் அவன் ஆசையாகச் செய்த கட்டளை போய்விடும். சொதப்பினால் அவன் கட்டளை பிழைக்கும், உமையாள் போய்விடுவாள். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவன் வேண்டுமென்றே சொதப்ப வேண்டிய அவசியமே இல்லை. மேடைப் பேச்சு என்பது அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

"நீ சொல்லிக் குடு" என்று உமையாளிடம் போய் நின்றான்.

அவள் அவனைக் கூடத்தில் நிறுத்தினாள். "எனக்காக ஜெயிக்க வேணாம் எனக்காகத் தோக்கவும் வேணாம் நல்லாப் பேசுங்க அது போதும்" என்றது பட்டை.

பேச்சை அவள்தான் எழுதினாள். அழகான பேச்சு. நாலு இடத்தில் குபீர்ச் சிரிப்பு நிச்சயம். அவன் அதை ஒரே மூச்சில் ஒப்பித்தான். அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள், நிறுத்து என்று அர்த்தம். அவன் நிறுத்தினான். அரை நொடி தாங்கவில்லை. "நிறுத்திட்டேன்" என்றான்.

"அதச் சொல்லக் கூடாது"

"சரி, சொல்லல."

உமையாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தாள். பட்டைக்குச் சிரிக்கத் தெரியாது. கூடத்தில் சத்தமே இல்லாமல் அவள் சிரித்துக்கொண்டே இருந்ததைப் பார்க்க நாச்சியப்பனுக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் அழுகையாகவும் இருந்தது.

பட்டிமன்றம் ஆலையின் பழைய நெற்களத்தில், பந்தல் போட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் நடந்தது. ஆலைக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர் குணசீலிதான் நடுவர். மூன்று வருடமாக அவர்தான். கணினி பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாக இருப்பவர். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதற்காக வருகிறேன் என்று மேடையிலேயே சொல்வார். உமையாள் பார்வையாளர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

முதலில் நிஷா எழுந்தாள். தான் ஒரு வருடமாகத் திட்டித் தீர்த்த கட்சிக்காக அவள் பேசிய பேச்சு இருக்கிறதே, பிரமாதம்.

"நடுவர் அவர்களே, சாப்பாட்டுப் பந்தியில பரிமாறுறவர்கிட்ட நாம என்ன சொல்றோம்? 'சாம்பார் ஊத்துங்க'ன்னு சொல்றோம். கரண்டியப் பாத்து, 'கரண்டியே, இந்த இலைக்குச் சாம்பார ஊத்து'ன்னு யாராச்சும் சொன்னா அவர எங்க கூட்டிட்டுப் போவோம்? எதிரணித் தலைவர் அண்ணன் நாச்சியப்பன் இப்ப கரண்டிகிட்டப் பேசப் போறாரு. பொறுமையாக் கேளுங்க."

பந்தல் அதிர்ந்தது. குணசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாச்சியப்பனுக்கே கை தட்ட வேண்டும் போல் இருந்தது. தன் பக்கத்தைத் தான் இத்தனை நாளில் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லையே என்று நினைத்தான்.

அடுத்து அவன். மைக்கைப் பிடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. உமையாள் எழுதியதை அப்படியே கொட்ட ஆரம்பித்தான்.

"நடுவர் அவர்களே கரண்டிகிட்டப் பேசாதவங்க இருக்கலாம் ஆனா சின்னக் கரண்டியோட வர்றவரப் பாத்து முறைக்காதவங்க இருக்காங்களா அதனால கரண்டிதான் முக்கியம் அடுத்ததா"

ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் நகைச்சுவை செத்தது. இரண்டாவது பிறக்கவே இல்லை. மூன்றாவதைச் சொல்லும்போது பின்னால் யாரோ கை தட்டினார்கள். தலைவராயிற்றே என்று மரியாதைக்குத் தட்டிய கை அது. நாச்சியப்பனுக்குக் காது சுட்டது. அந்தக் கைதட்டலை அவன் இதற்கு முன்பு எங்கே கேட்டான் என்பது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. என்ன, அன்றைக்குக் கேட்டது முன்வரிசையிலிருந்து, இன்றைக்கு மேடையிலிருந்து.

கடைசி வரிசையில் உமையாளைத் தேடினான். அவள் பரிதாபமாகப் பார்க்கவில்லை, கோபமாகவும் பார்க்கவில்லை. தெரிந்த ஊரில் வழி தவறிய ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"போன மாசம் தேவகோட்டையில என் மனைவி பேசுனாங்க" என்று ஆரம்பித்தான். இது அவள் எழுதிக் கொடுத்ததில் இல்லை. "நல்ல பேச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க."

அதற்குமேல் வரவில்லை. வழக்கமாக ஓடி வந்து இடத்தை நிரப்புகிற அத்தனை சொற்களும் அன்றைக்கென்று காணாமல் போயின. ஒரு ஆள்கூட அசையவில்லை. இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கூட எடுத்த கையோடு நின்றார். எல்லாரும் அவன் பக்கம் சாய்ந்தார்கள். இத்தனை பேர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நாச்சியப்பன் தன் வாழ்நாளில் முதன்முதலாக உணர்ந்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை.

"அந்தக் கைதட்டல எழுதுனது நான்தான்" என்றான்.

யாரும் கை தட்டவில்லை. நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். நாச்சியப்பன் வாயைத் திறந்தபடி நின்றான், மேலே என்ன சொல்வதென்று தெரியாமல்.

குணசீலி தன் மைக்கை மெதுவாக இழுத்துக்கொண்டார். "வாயத் தொறந்துட்டீங்க, பேசவும் இல்ல, மூடவும் இல்ல. எனக்குப் பழக்கம்தான், நீங்க மெதுவா வாங்க" என்றார்.

பந்தலே சிரித்தது. நாச்சியப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கடைசி வரிசையில் ஒருத்தி சத்தமில்லாமல் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்புச் சொல்ல எழுந்த குணசீலி சுற்றி வளைக்கவில்லை.

"பட்டியல், நிரல் எல்லாம் எனக்குத் தெரியாது. தங்கச்சி நிஷா பேசுனதுதான் நல்ல பேச்சு, சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு ஒரு அனுபவம். என்கிட்ட வர்ற எல்லாரும் பல்ல நல்லாத் தேய்ச்சுட்டுத்தான் வர்றாங்க. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிறத மட்டும் ஒருத்தரும் கவனிக்கிறதில்ல. அது பாட்டுக்கு இருக்குன்னு நினைப்பு. சொத்தை அங்கதான் வருது. பல்லப் பாத்துக்கங்கன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. நடுவுல இருக்கிறத வாய்விட்டுக் கேட்டு வாங்குனாத்தான் கிடைக்கும்னு வச்சாத்தான் மனுசங்க கவனிப்பாங்க. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது. கோர்ப்பது இடைவெளியின் வேலை."

அடுத்த நாளே நாச்சியப்பன் தன் கையால் பழைய கட்டளையை எடுத்தான். கொஞ்சம் வலித்தது. எடுத்து முடித்ததும் நாட்டில் உள்ள நொச்சி நிரல்கள் எல்லாம் புது மொழியில் ஏற மறுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டன: எந்த இடைவெளி? திட்டாத ஆள் இல்லை. எவன்டா இவன், இடைவெளியிடம் போய்க் கைகட்டி நிற்கச் சொல்கிறான் என்று எழுதினார்கள். நாச்சியப்பன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினான். மதம் மாறியவனுக்கே உரிய வேகம் அவனுக்கு வந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால் நிஷாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணே, நான் பேசுனத நானே மறுபடி போட்டுக் கேட்டேன். பட்டியல்தான் சரியோன்னு தோணுது."

"போம்மா, போய் டீயக் குடி" என்றான் அவன்.

பட்டைக் கம்பெனிக்காரர்களுக்கு வேறு வழியில்லை. சட்டப்படி பழைய பட்டைகளுக்கும் புது நிரல் ஏற்றியாக வேண்டும், ஏற்றுவதானால் இடைவெளி எது என்று சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு அளவு வைத்தால் வாத்தியாருக்குப் பத்தவில்லை, இன்னொரு அளவு வைத்தால் தொண்டி ஏலக்காரர் அடிக்க வருகிறார். கடைசியில், யாருடைய தொண்டையோ அவர்களிடமே கேட்டுவிடலாம் என்ற ஞானம் பிறந்தது. ஆள்காட்டி விரலுக்கு ஒரு மோதிரம் செய்தார்கள். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் பட்டை வாய் திறக்காது. விட்டால்தான் அடுத்த சொல். ஏலக்காரர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கும் நிம்மதி. நொச்சிக்குப் பூட்டு விழுந்தது.

கீழச்சீவல்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. அங்கேதான் உமையாள் மோதிரத்தோடு முதலில் பேசினாள். நாச்சியப்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பை. அதற்குள் மாற்றுப் பட்டை, மாற்று மோதிரம், மாற்று மின்கலம், இரண்டு ஸ்க்ரூடிரைவர். அவளிடம் இதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

உமையாள் மைக் முன்னால் வந்தாள். சபையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கே முன்வரிசையில் இரண்டு பேர் காரணமில்லாமல் சிரித்துவிட்டார்கள்.

"தலைப்பு, இயந்திரத்த நம்பலாமா, மனுசன நம்பலாமா. நான் மனுசனத்தான் நம்புறேன்."

நிறுத்தினாள்.

"எங்க வீட்டுல ஒரு மனுசன் இருக்காரு. பெரிய கம்ப்யூட்டர்காரரு. மிக்சியிலேருந்து என் தொண்ட வரைக்கும் எது ரிப்பேர் ஆனாலும், மனுசன் பதறவே மாட்டாரு."

மறுபடி நிறுத்தினாள். சபை காத்திருந்தது. நாச்சியப்பனும் காத்திருந்தான். உமையாள் அசையாமல் நின்றாள். இடைவெளி நீண்டது. பேச்சாளர் விடுகிற அளவைத் தாண்டியது. மூச்சு விடுகிற அளவையும் தாண்டியது. தலைமையாசிரியர் தன் செயலாளரைப் பார்த்தார். உமையாளின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நாச்சியப்பனுக்கு வியர்த்தது. மோதிரம் சிக்கிக்கொண்டது. இல்லை, மின்கலம் போய்விட்டது. இல்லை, பூட்டுவதற்கு முன்னால் கடைசியாகத் தொட்ட அந்த ஒரு வரியில் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம். நாட்டில் லட்சம் தொண்டைகளும் இந்த நேரம் இப்படித்தான் நிற்கின்றன. ஐயோ, என் உமையாள் மேடையில் நிற்கிறாளே.

பையை அணைத்துக்கொண்டு எழுந்தான். பக்கத்து நாற்காலி சாய்ந்தது. யாருடைய காலையோ மிதித்தான். ஒரு செருப்பு கழன்று நின்றுவிட்டது, அதை விட்டுவிட்டு ஓடினான். மேடைப் படியில் வேட்டி தடுக்கி, தவழ்ந்து, ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி விளக்கு வெளிச்சத்துக்குள் போய் நின்றான்.

உமையாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சபையின் பக்கம் திரும்பினாள். கட்டைவிரலை எடுத்தாள்.

"இவருதான்."

அப்புறம் அங்கே நடந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் போதாது. தலைமையாசிரியர் மேசையில் கவிழ்ந்துவிட்டார். முன்வரிசையில் யாருக்கோ புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார். சிரித்து ஓயும் நேரம் பார்த்து யாராவது நாச்சியப்பன் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துவிடுவார்கள், மறுபடி தொடங்கும். கை தட்டத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த உமையாளின் முகத்தை நாச்சியப்பன் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை. இன்னொரு தடவை தவழச் சொன்னாலும் தவழ்ந்திருப்பான்.

திரும்பும்போது காரில் அவன் கேட்டான். "நான் மட்டும் ஓடி வரலைன்னா, 'பதறவே மாட்டாரு'க்கு அடுத்து என்ன சொல்றதா இருந்த?"

உமையாள் கட்டைவிரலை மோதிரத்தில் வைத்து அழுத்தினாள். நாச்சியப்பனுக்கு வாயில் நாலு கேள்வி வந்தது. நாலையும் விழுங்கிவிட்டு, சாலையைப் பார்த்தபடி காத்திருந்தான். அவள் விட்டபாடில்லை. குன்றக்குடி வந்தது, போனது.

"ஒண்ணும் வச்சுக்கல" என்றாள். "அடுத்த சொல்லே கிடையாது. நீங்க வர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிக்கிறதா இருந்தேன்."